டயாலிசிஸில் இருக்கும் அம்மா வற்றிப்போகிறார், பழைய உணவுச் சீட்டையே பின்பற்றலாமா?

மேலூர் மகள்:
அம்மாவுக்கு 71 வயது. பத்து மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் மதுரையில் டயாலிசிஸ். தராசு மாறாமல் 46 கிலோ காட்டுகிறது. ஆனால் வளையல் முழங்கை வரை ஏறுகிறது, ஜாக்கெட் கை தொளதொளவென்று தொங்குகிறது. காலையில் ஒன்றரை இட்லி, மதியம் ஒரு கரண்டி ரசம் சோறு, ராத்திரி காபியில் நனைத்த ரஸ்க். அதற்கு மேல் "வாய் கசக்குது, போதும்" என்பார். போன மாதம் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 3.1, குறைவுதான். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் தந்த சீட்டில் பருப்பு, முட்டை, மீனைக் குறைக்கச் சொல்லியிருந்தது. இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் சத்துமாவுக் கஞ்சி கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

காவிரிக்கரை அக்கா:
தங்கச்சி, முதலில் அந்தச் சீட்டை எடுத்து உள்ளே வை. மெஷினுக்குப் போகாதவர்களுக்கு எழுதியது அது. டயாலிசிஸ் தொடங்கினால் கணக்கே வேறு. கழிவோடு சேர்ந்து அமினோ அமிலமும் ஒவ்வொரு முறையும் வெளியே போய்விடும். என் மாமியாருக்கு எட்டு மாதம் இதே தப்பைச் செய்தேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

தராசை நம்பாதே. சதை கரைந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டு அதே எடையைக் காட்டும். டிரை வெயிட்டை, அதாவது கூடுதல் தண்ணீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடையை, மறுபடி பார்க்கச் சொல்லி யூனிட்டில் கேள். மாமியாருக்கு 52-லிருந்து 48-க்கு மெல்ல இறக்கினார்கள், அப்புறம்தான் ராத்திரி படுத்துத் தூங்கினார்.

அவித்த முட்டை வாடை பிடிக்காது. வெள்ளைக்கருவை மட்டும் சின்ன வெங்காயம், மிளகுத்தூள் போட்டுப் பொடிமாஸ் செய்து, ஆறவைத்துக் கொடு.

டயட்டீஷியன் (ஓய்வு):
டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அம்மாவுக்கு 46 முதல் 55 கிராம். நீங்கள் சொன்ன சாப்பாட்டில் 20 கிராம்கூடத் தேறாது. ஒரு வெள்ளைக்கருவில் சுமார் மூன்றரை கிராம் இருக்கிறது, பாஸ்பரஸ் மிகக் குறைவு. மூன்றில் தொடங்குங்கள். சின்னத் துண்டு மீனும் சேரட்டும். சோறும் எண்ணெயும் போதாவிட்டால் கொடுக்கும் புரதத்தையும் உடம்பு எரித்துவிடும், அதனால் தாளிப்பில் ஒரு ஸ்பூன் கூடுதலாக விடுங்கள்.

சத்துமாவு வேண்டாம். அதிலுள்ள பயறும் கடலையும் பொட்டாசியம், பாஸ்பரஸை ஏற்றும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்றே வரும் பவுடர் உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்த்து டாக்டர் எழுதித் தருவார். பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை இருந்தால் சாப்பாட்டோடுதான் போட வேண்டும்.

இன்னொன்று: சாப்பாடு குறைந்தால் மட்டும் அல்புமின் இறங்குவதில்லை. கதீட்டர் (டயாலிசிஸ் குழாய்) போட்ட இடத்திலோ ஈறிலோ தொற்று இருந்தாலும் இறங்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மேலூர் மகள்:
வெள்ளிக்கிழமை கேட்டேன். டிரை வெயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக 44-க்குக் கொண்டுவரலாம் என்றார் டாக்டர். பொடிமாஸ் இரண்டு வெள்ளைக்கருவுக்கு இறங்கியது! மூன்றாவதை ஒதுக்கிவிட்டார். அக்கா, மெலிந்ததில் பல்செட் ஆடுகிறது, மீனை மெல்ல முடியவில்லை.

காவிரிக்கரை அக்கா:
டயாலிசிஸ் இல்லாத நாளில் பல் டாக்டரிடம் கூட்டிப் போ, அன்றைக்குத்தான் உட்காரத் தெம்பிருக்கும். அதுவரை மீனை முள் எடுத்து உதிர்த்து, குழைந்த சோற்றில் பிசைந்து கொடு. மூன்றாவது வெள்ளைக்கருவை ராத்திரிக்கு வைத்துக்கொள்.