ராக்கி மலைக்கு அம்மாவோடு போகிறோம்: ஆர்.வி.யா, கூடாரமா?

ஸ்காபரோ_சிவா

வணக்கம். யூலையில் ஒன்பது நாள் பான்ஃப், ஜாஸ்பர் தேசியப் பூங்காக்களுக்குப் போகிறோம். ரொறன்ரோவிலிருந்து கல்கரி வரை விமானம். நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர் (10, 6 வயது), அம்மா (71 வயது, முழங்கால் வருத்தம்). மனைவி ஆர்.வி. (உள்ளேயே படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள பெரிய வண்டி) வாடகைக்கு எடுப்போம் என்கிறார். என் தம்பியோ, "அந்தக் காசுக்குக் கூடாரம் வாங்கிக் காரில் போ, மிச்சக் காசில் அடுத்த வருசமும் போகலாம்" என்கிறான். நான் இதுவரை ஒன்ராறியோவின் அல்கோன்குயின் பூங்காவில் மட்டும்தான் கூடாரம் அடித்திருக்கிறேன். பெரிய வண்டி ஓட்டியதே இல்லை. முகாம் இடங்களுக்கு முன்பதிவு இன்னும் சில நாளில் திறக்கிறது, அதற்குள் வீட்டுச் சண்டை முடிய வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்டிக்காரன்

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அம்மாவுக்கு 71 வயது. இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறை போக வேண்டும் என்பார். கூடாரத்தின் சிப்பைத் திறந்து, சப்பாத்தைத் தேடி, ரோர்ச் அடித்துக்கொண்டு, முழங்கால் வருத்தத்தோடு அவரை நடத்திக் கூட்டிக்கொண்டு போவீர்களா? பான்ஃப் பூங்காவில் இருக்கும் லேக் லூயிஸ் 1,500 மீட்டர் உயரத்துக்கு மேல். யூலையிலும் விடியற்காலையில் கை விறைக்கும்.

நாங்கள் எட்மன்டன். கோடைக்கு ஒரு தடவையாவது போவோம், எப்போதும் வண்டியில்தான். ஒரு வருசம் ஜாஸ்பரில் மூன்று நாள் விடாத மழை. பக்கத்துக் கூடாரக்காரர் குடும்பம் காருக்குள் உட்கார்ந்து சிப்ஸ் தின்றது. நாங்கள் உள்ளே புட்டு அவித்தோம். ஜன்னலெல்லாம் ஆவி.

மலைக்குருவி

நான் கல்கரியில் இருக்கிறேன். ஆர்.வி. பற்றி யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: உங்கள் வீடும் அதுதான், காரும் அதுதான். பால் வாங்கப் போனாலும் மின்கம்பியைக் கழற்றி, அலமாரிகளைப் பூட்டி, வீட்டையே மடக்கிக்கொண்டு போக வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் 25 அடி வண்டியை நிறுத்த இடம் தேட வேண்டும். லேக் லூயிஸ் ஏரிக்கரையில் காருக்கே கோடையில் விடிவதற்குள் இடம் போய்விடும்.

அப்புறம் பக்கத்து யோஹோ பூங்கா. டகக்காவ் அருவிக்குப் போகும் சாலையில் ஊசி வளைவுகள் இருக்கின்றன. ட்ரெய்லருக்கு அனுமதியே கிடையாது. நீளமான வண்டிகள் வளைவில் திரும்ப முடியாமல் பின்னோக்கி ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன். பெரிய வண்டி ஓட்டிப் பழகாதவர் முதல் தடவையாகப் பழகும் இடம் அது இல்லை.

செலவு: போன கோடையில் விசாரித்தபோது ஒரு இரவுக்கு 300 டாலருக்குக் குறைவாக எதுவும் இல்லை. கிலோமீட்டருக்குத் தனி, ஜெனரேட்டர் ஓடும் மணிக்குத் தனி. கல்கரியிலிருந்து ஜாஸ்பர் போய்த் திரும்பி, பக்கத்து இடங்களும் பார்த்தால் 1,100 கிலோமீட்டர் வரும். 100 கிலோமீட்டருக்கு 22 லிட்டர் குடிக்கிற வண்டி என்றால் 240 லிட்டர். இதற்கு மேல் முகாம் கட்டணம்.

வண்டிக்காரன்

ஏரிக்கரையில் நிறுத்த இடமில்லை என்பது காருக்கும் பொருந்தும். மொரெய்ன் ஏரிக்கு 2023இலிருந்து சொந்த வாகனமே விடுவதில்லை, எல்லாரும் பேருந்தில்தான் போகிறார்கள். பான்ஃப் நகரில் டனல் மவுண்டன் முகாமில் வண்டியை நிறுத்தினால் அங்கிருந்து நகருக்குப் பேருந்து ஓடுகிறது. அங்கே ட்ரெய்லர் கோர்ட் என்ற பகுதியில் தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் மூன்றும் உண்டு. ஜெனரேட்டரே தேவையில்லை.

தங்கச்சி ஒன்றை மறைக்கிறார். லேக் லூயிஸில் கூடாரக்காரர்களை எங்கே படுக்க வைக்கிறார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள்.

மலைக்குருவி

மறைக்க என்ன இருக்கிறது? மின்வேலிக்குள். துணிக் கூரை உள்ளவை எல்லாம், மடிக்கும் ட்ரெய்லர் உட்பட, வேலிக்குள். தகரக் கூரை வண்டிகள் வேலிக்கு வெளியே தனிப் பகுதியில். பத்துத் தடவைக்கு மேல் அந்த வேலிக்குள் படுத்திருக்கிறேன். வாசலில் கதவு மாதிரி ஒன்று, காருக்கு உலோகப் பாலம் மாதிரி ஒன்று, அவ்வளவுதான். பிள்ளைகள் நிம்மதியாக ஓடி விளையாடிய ஒரே முகாம் அது.

குளிர்தாங்கி

அதாவது மனிதர் கூண்டுக்குள், கரடி வெளியே. நியாயம்தான், காடு அதனுடையது.

வண்டிக்காரன்

சிவா தம்பி, இதை அப்படியே அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். "அம்மா, உங்களைச் சுற்றி மின்சாரக் கம்பி, பயப்படாமல் படுங்கள்."

மலைக்குருவி

கரடி விஷயத்தில் சிரிப்பு வேண்டாம். பான்ஃப் பூங்கா முழுவதிலும் கிரிஸ்லிக் கரடிகள் 65 அளவில்தான் இருக்கின்றன. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட வேண்டிய நிலை வந்துவிடுகிறது. அதனால்தான் சாப்பிட்டு எழுந்த அடுத்த நிமிடம் மேசை துடைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும் என்கிறார்கள். கூலர், அடுப்பு, பாத்திரம், பாத்திரம் கழுவின தண்ணீர், பற்பசை, நாய்ச் சோறு எதுவும் வெளியே இருக்கக் கூடாது. வண்டிக்குள் அல்லது இரும்புப் பெட்டிக்குள். மீறினால் அபராதம் 25,000 டாலர் வரை போகலாம்.

இதில் யார் தவறுகிறார்கள் தெரியுமா? கூடாரக்காரர் பயத்திலேயே எல்லாவற்றையும் பூட்டிவிடுவார். "நாம் தகரத்துக்குள்தானே இருக்கிறோம்" என்று வண்டிக்காரர்கள்தான் வெளியே பரப்பிவிட்டு நடக்கப் போவார்கள். இரண்டு வருடம் முன்பு எங்கள் எதிர் இடத்தில் நம்மூர்க் குடும்பம் ஒன்று குக்கரை மூடி திறந்தபடி மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தது. உள்ளே நெய்ச்சோறு. பூங்கா அலுவலர் வந்து குக்கரோடு எடுத்துக்கொண்டு போனார். மேசையில் ஒரு சீட்டு மட்டும் இருந்தது. மாலையில் அந்த அம்மா சீட்டை என்னிடம் காட்டி, "குக்கரைத் திருப்பித் தருவார்களாம்மா?" என்று கேட்டார். தந்தார்கள், கால் மணி நேர அறிவுரையோடு.

குளிர்தாங்கி

அப்ப கருவாடு பொரிக்கலாமா கூடாதா?

தேன்மொழி_வான்கூவர்

இரண்டும் செய்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். 2022இல் 25 அடி ஆர்.வி. எடுத்தோம். மாமியாரும் வந்தார். வண்டி ஓட்டியது என் கணவர், அவருக்கும் அது முதல் தடவை.

நல்லது முதலில். மாமியார் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் போகும் 232 கிலோமீட்டர் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே சாலை முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டில் அது சாதனை. பெய்டோ ஏரி பார்க்க நிறுத்தியபோது, அவர் நடந்து வர முடியாமல் வண்டியிலேயே தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்த எங்களுக்குச் சூடாகக் கிடைத்தது.

இனி மற்றது. போ சம்மிட் என்ற கணவாயில் சாலை 2,000 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. ஏறும்போது எஞ்சின் கத்துகிறது. இறங்கும்போது பிரேக்கில் காலை வைத்தால் பின்னால் சமையலறை முழுவதும் கத்துகிறது. சரியாகப் பூட்டாத அலமாரி ஒன்றிலிருந்து பருப்பு டின் விழுந்து, சன்வாப்டா கணவாய் தாண்டும் வரை உருண்டுகொண்டே வந்தது. நிறுத்தி எடுக்கலாம் என்றால் பின்னால் வரிசையாகக் கார்கள். 90 கிலோமீட்டர் வேகச் சாலையில் நாங்கள் 70இல் போனோம். நடுவில் பெட்ரோல் கிடைப்பது சஸ்காச்சுவான் ரிவர் கிராசிங் என்ற இடத்தில் மட்டும், கைபேசிக்குப் பெரும்பாலும் சிக்னல் இல்லை. அதனால் கிளம்பும்போதே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பிறகு கழிவுத் தொட்டி. யாரும் அழகான படங்களில் போடாத பகுதி. கறுப்புத் தொட்டி என்பது கழிப்பறைக் கழிவு, சாம்பல் தொட்டி என்பது குளித்த, கழுவிய தண்ணீர். முதலில் கறுப்பைத் திறக்க வேண்டும், அப்புறம் சாம்பல், அந்தத் தண்ணீரில் குழாய் கழுவப்படும். என் கணவர் வரிசையை மாற்றித் திறந்தார். கடைசியில் குழாயைக் கழற்றியபோது, புதுச் செருப்பு. மேலே எழுத வேண்டாம். எங்களுக்குப் பின்னால் ஆறு வண்டிகள் காத்திருந்தன. மாமியார் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே, "இதற்காடா படிக்க வைத்தோம்" என்றார்.

வண்டிக்காரன்

கையுறை போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு செருப்புக்காக வண்டியையே வெறுக்கலாமா?

இன்னொன்று, புகை. 2024 யூலையில் ஜாஸ்பரில் தீ வந்ததை மறக்க வேண்டாம். நகரின் கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. தீ நம்மிடம் வராவிட்டாலும் கோடைக் கடைசியில் புகை வரும். துணிக் கூடாரம் புகையைத் தடுக்காது. வண்டியில் கதவைச் சாத்திக் குளிரூட்டியைப் போடலாம்.

மலைக்குருவி

புகைக்கு நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தடவை ஒரே இரவில் வெளியேறச் சொன்னது ஏறத்தாழ 25,000 பேரை. அந்த வரிசையில் காரில் இருப்பதா, முதல் வாரமாக ஓட்டுகிற 25 அடி வண்டியில் இருப்பதா என்று கேட்டால் என் பதில் கார்தான்.

கடைசியாக என் மனதில் இருப்பது: வீட்டைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முகாம் என்று பெயர் வைக்காதீர்கள். தரையில் படுத்து, ஆற்றுச் சத்தம் கேட்டு, குளிரில் எழுந்து அடுப்பு மூட்டுவதுதான் முகாம். டிவி, மைக்ரோவேவ் எல்லாம் வேண்டுமென்றால் மலைக்கு ஏன் போக வேண்டும்?

வண்டிக்காரன்

தங்கச்சி, கோபப்படாமல் எழுதுகிறேன். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு 22 வயது. மழைக்குள் நடந்து, பிறகு வன்னியில் ஏழு மாதம் தறப்பாளுக்குக் கீழே. தரையில் படுத்தோம், குளிரில் எழுந்து அடுப்பும் மூட்டினோம். மழை வந்தால் அம்மா தறப்பாளின் தொய்ந்த இடத்தைத் தடியால் தூக்கித் தண்ணீரைச் சரிப்பார், இரவு முழுக்க. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் நித்திரை வராது. எனக்குக் கூடாரம் பொழுதுபோக்கு இல்லை. மலை பிடிக்கும், அதனால் வண்டி வாங்கினேன். அதை முகாம் என்று சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

மலைக்குருவி

அண்ணா, மன்னியுங்கள். அந்தக் கடைசிப் பத்தியை நான் எழுதியிருக்கக் கூடாது. செலவு, வளைவு, நிறுத்த இடம் பற்றிச் சொன்னவை அப்படியே நிற்கின்றன, மற்றதை விட்டுவிடுகிறேன்.

சிவா, உங்கள் அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா? இவ்வளவு நேரம் நாம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தேன்மொழி_வான்கூவர்

அதைத்தான் எழுத வந்தேன். நடுவழி ஒன்றும் இருக்கிறது. பூங்காக்காரர்களே போட்டு வைத்திருக்கும் ஓடென்டிக். மரத்தளம், கட்டில், மேசை, உள்ளே ஹீட்டர், மேலே துணி. டனல் மவுண்டனிலும் ஜாஸ்பரின் விஸ்லர்ஸ் முகாமிலும் உண்டு. ஐந்தாறு பேர் படுக்கலாம். காரில் போகலாம். உள்ளே சமைக்கக் கூடாது, கழிப்பறைக்கு வெளியேதான் நடக்க வேண்டும். முன்பதிவு திறந்த அன்றே போய்விடும் என்பதுதான் கஷ்டம்.

ஸ்காபரோ_சிவா

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன். முதலில் வண்டிக்காரன் அண்ணை எழுதியதை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்கள் இருந்தது புதுக்குடியிருப்பில். ஒழுகாது என்றால் எனக்குக் கூடாரம் பயமில்லை. கக்கூஸ் எவ்வளவு தூரம்?" என்றார். பிறகு அவர் கேட்ட ஒரே கேள்வி, வழியில் இருக்கும் அத்தாபாஸ்கா பனிப்பாறையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாமா என்பதுதான்.

இப்போதைய முடிவு: கார். பான்ஃபில் மூன்று இரவு, ஜாஸ்பரில் மூன்று இரவு ஓடென்டிக்குக்கு முயற்சி, லேக் லூயிஸ் பக்கம் இரண்டு இரவு அறை. மின்வேலி வேண்டாம் என்று மனைவி தீர்ப்பு. ஓடென்டிக் கிடைக்காவிட்டால் 22 அடி வண்டி, அதற்கு மேல் இல்லை.

மலைக்குருவி

முன்பதிவு வரைபடத்தில் கழிப்பறைக்குப் பக்கத்து எண்களை இப்போதே குறித்து வையுங்கள், திறந்த பிறகு தேட நேரம் இருக்காது. கூடவே கனடியன் டயர் கடையில் கையடக்கக் கழிப்பறை ஒன்று கிடைக்கும், வாளி அளவுதான். இரவில் அதுவே போதும். நாங்களும் வைத்திருக்கிறோம்.

அத்தாபாஸ்கா பனிப்பாறைக்குப் போகும் பாதையில் வருடம் எழுதிய பலகைகள் இருக்கும், அந்தந்த வருடம் பனி எதுவரை இருந்தது என்று. அம்மா ஏற முடிந்தவரை போங்கள். பனிமேல் மட்டும் வழிகாட்டி இல்லாமல் கால் வைக்க வேண்டாம், அடியில் பிளவு தெரியாது.

வண்டிக்காரன்

தம்பி, ஜாஸ்பர் தேதி முடிவானதும் எழுதுங்கள். நாங்களும் யூலையில் விஸ்லர்ஸில்தான். மழை பெய்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வண்டிக்கு வாருங்கள், புட்டு அவிப்போம். புதுக்குடியிருப்பில் எந்தப் பக்கம் என்றும் கேட்டு வையுங்கள்.

ஸ்காபரோ_சிவா

கேட்டேன் அண்ணை. கைவேலிப் பக்கமாம். நேரில் கதைப்பாராம். உங்களுக்குக் கருவாடு கொண்டு வரவா என்றும் கேட்கச் சொன்னார்.

மலைக்குருவி

ஐயோ, வேண்டாம்.

குளிர்தாங்கி

என் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.