கீமோ நடக்கும்போது மைட்டோகாண்ட்ரியா மாத்திரைகள் கொடுக்கலாமா?

மழைக்குருவி:
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து முடிந்து இப்போது வாராவாரம் பாக்லிடாக்சல் என்ற இன்னொன்று ஏறுகிறது. நோயைவிடச் சோர்வுதான் அவரை வாட்டுகிறது. பல் தேய்த்துவிட்டு வந்தாலே அரை மணி நேரம் படுக்க வேண்டியிருக்கிறது. மருத்துவரிடம் சொன்னால், கீமோவில் அப்படித்தான் இருக்கும் என்பதோடு முடித்துக்கொள்கிறார். செல்லுக்குச் சக்தி தருவதே மைட்டோகாண்ட்ரியாதான், அதைத் தேற்றினால் உடம்பும் தேறும் என்று உறவினர் ஒருவர் பட்டியல் அனுப்பியிருக்கிறார்: கோஎன்சைம் கியூ10, அசிட்டைல் எல்-கார்னிடின், என்ஏசி (என்-அசிட்டைல் சிஸ்டீன்), மெத்திலீன் புளூ, பெர்பெரின். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிரோன்:
நான் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து மீண்டவன். மூன்றாவது சுற்றிலிருந்து கியூ10 எடுத்தேன். அதற்கப்புறம்தான் எழுந்து நடமாட முடிந்தது. டாக்சோரூபிசின், மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கும் கார்டியோலிப்பின் என்ற கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும். இதயத் தசையில் மைட்டோகாண்ட்ரியா நிறைய இருப்பதால் இதயம் அடி வாங்குகிறது. அடி விழுந்த இடத்தில்தானே மருந்து போட வேண்டும்? புற்றுச்செல்கள் ஆக்சிஜன் இருந்தும் சர்க்கரையை நொதிக்கவைத்தே பிழைக்கின்றன என்று ஆட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். மைட்டோகாண்ட்ரியா பழுதுதான் நோயின் வேர் என்பது அவர் முடிவு. இந்தச் சத்துகளில் பெரிய லாபம் இல்லை என்பதால் பெரிய ஆய்வு செய்ய யாரும் முன்வருவதில்லை. கொடுங்கள் தம்பி.

செம்பருத்தி:
அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநராக இருக்கிறேன். கதிரோன் ஐயா, ஆய்வே இல்லை என்பது சரியில்லை. நடந்திருக்கிறது, நாம் விரும்பிய முடிவு வரவில்லை. இந்த அம்மாவின் நிலைமைக்கு அப்படியே பொருந்துகிற ஒன்று 2013-இல் வெளியானது. டாக்சேன் வகை கீமோ எடுத்த 409 பெண்களில் ஒரு பாதிக்கு அசிட்டைல் எல்-கார்னிடின், மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. நரம்பைக் காக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். 24 வாரம் கழித்துப் பார்த்தால், கார்னிடின் எடுத்தவர்களுக்குத்தான் கைகால் மரத்துப்போவது அதிகம். பாக்லிடாக்சலும் டாக்சேன்தான்.

சோர்வுக்கும் பார்த்துவிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் வந்த 236 பெண்களிடம் தினமும் 300 மில்லிகிராம் கியூ10 கொடுத்துப் பார்த்ததில் வெறும் மாத்திரையோடு ஒப்பிட வித்தியாசம் இல்லை. 376 பேரிடம் கார்னிடின் கொடுத்துப் பார்த்ததிலும் அப்படியே.

கதிரோன்:
என் உடம்பில் நடந்ததை இல்லை என்று சொல்ல முடியாது அம்மா.

செம்பருத்தி:
இல்லை என்று சொல்லவில்லை ஐயா. நீங்கள் நடமாடத் தொடங்கியதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த இரண்டு ஆய்வுகளிலும் வெறும் மாத்திரை எடுத்தவர்களிலும் சிலர் தேறினார்கள். உங்களுக்குக் கைகொடுத்தது கியூ10-ஆ, காலமா என்று ஒரே ஆளை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

வார்பர்க் கண்டது மெய். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் நிலைக்கவில்லை. பல கட்டிகளில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே வேலை செய்கிறது, வளர்வதற்கு அதை அவை நம்பியும் இருக்கின்றன. அப்படியானால் மைட்டோகாண்ட்ரியாவைத் தேற்றும் மாத்திரை அம்மாவின் செல்லுக்கு மட்டும் போய்ச் சேரும் என்று யார் உறுதி சொல்வது? 2014-இல் நுரையீரல் புற்றுநோய் உள்ள எலிகளுக்கு ஆன்டிஆக்சிடன்ட்களான என்ஏசியும் வைட்டமின் ஈயும் கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்தது.

இன்னொன்று. அந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். கார்னிடின் மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கொழுப்பை ஊட்டுவது. பெர்பெரின், சக்தி தயாரிக்கும் அதன் முதல் நொதித் தொகுதியைத் தடுப்பது. ஒன்று ஊட்டுகிறது, ஒன்று முடக்குகிறது. இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

கதிரோன்:
எலி மனிதனாகாது. நீங்களே எங்களிடம் சொல்லும் பாடம் அது. கீமோவின்போது ஆன்டிஆக்சிடன்ட் எடுத்தால் நோய் திரும்பும் என்று காட்டும் மார்பகப் புற்றுநோய் ஆய்வும் வினாத்தாள் கொடுத்துக் கேட்டதுதானே? 1,134 பேரில் எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

செம்பருத்தி:
அது சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த எண்ணிக்கையை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பின்லாந்தில் 1994-இல் வெளியான ஆய்வு அப்படியல்ல. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர், குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18% கூடியது. அதுவும் ஒரு ஆன்டிஆக்சிடன்ட்தான், கெடுதல் செய்யாது என்று எல்லாரும் நம்பிய ஒரு சத்து.

நெடுவழி:
என் கணவரை மூன்று வருடம் பார்த்துக்கொண்டவள் நான். கதிரோன் அண்ணா சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது, செம்பருத்தி அதைத் தாண்டிப் போய்விட்டார். சோர்வு என்று சொன்னால் காதில் வாங்க ஆளில்லை. அதனால்தான் வீட்டுக்காரர்கள் மாத்திரையைத் தேடுகிறோம், வாங்கினால் மருத்துவரிடம் மறைக்கிறோம். நானும் மறைத்தேன். அவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மெத்திலீன் புளூ வாங்கி வைத்தேன். இரண்டும் சேர்ந்தால் மூளையில் செரட்டோனின் தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்து என்று செவிலியர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. புட்டி இன்னும் பிரிக்காமல் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மழைக்குருவி, ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்தார்களா? தூக்கம் எப்படி? என் கணவருக்கு ரத்தசோகையைச் சரிசெய்ததும் பாதிச் சோர்வு இறங்கியது. நடப்பதும் உதவியது, வராந்தாவில் ஐந்து நிமிடத்தில் தொடங்கினோம்.

செம்பருத்தி:
நன்றி அக்கா, அதை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நடப்பதற்குச் சான்று பலமாகவே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்க நிச்சயமாகத் தெரிந்த வழியும் உடற்பயிற்சிதான். பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ முடித்த 889 பேரை வைத்து 2025-இல் வந்த ஆய்வில், மூன்று வருடம் முறையாகப் பயிற்சி செய்தவர்களில் 80% பேர் ஐந்து வருடம் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். மற்றவர்களில் 74%. வேறு புற்றுநோய், கீமோவுக்குப் பிந்தைய காலம், அதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் இந்த மாத்திரைகளில் எதற்கும் இப்படி ஒரு முடிவு வந்ததில்லை.

கதிரோன்:
எழுந்து உட்காரவே முடியாதவரை நடக்கச் சொல்கிறீர்கள். கியூ10 பற்றி என் எண்ணம் மாறவில்லை. கார்னிடின் விஷயம் எனக்குத் தெரியாது, டாக்சேன் எடுப்பவருக்குக் கொடுங்கள் என்று இனிச் சொல்லமாட்டேன். மருத்துவருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

மழைக்குருவி:
ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், மன்னியுங்கள். கார்னிடினைப் பத்து நாளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். விரல் நுனி மரத்திருக்கிறது என்று அம்மா நேற்றுதான் சொன்னார், கீமோவால் என்று நினைத்தேன்.

செம்பருத்தி:
கீமோவாலும் இருக்கலாம் தம்பி, பத்து நாளில் கார்னிடின்தான் காரணம் என்று சொல்ல முடியாது, உங்களை நொந்துகொள்ளாதீர்கள். இன்றே நிறுத்துங்கள். அடுத்த பாக்லிடாக்சல் ஏறும் முன்பே மரத்துப்போவதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பதா, தள்ளிப்போடுவதா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கும். புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.

மழைக்குருவி:
நிறுத்திவிட்டேன். நாளை காலை முதல் வேலையாக அழைக்கிறேன். நெடுவழி அக்கா, ஹீமோகுளோபின் 8.6 என்று போன வாரத் தாளில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை.

நெடுவழி:
அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போ தம்பி. அதைப் பற்றிப் பேசாமல் எழுந்து வராதே.