பால் காய்ச்சும் வீட்டில் மீன் தொட்டி

குழு: நம்ம குடும்பம் (பகாவ், மலேசியா)

கவிதா: எல்லாருக்கும் வணக்கம். அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்குப் பால் காய்ச்சுகிறோம். ஹாலில் செடி வைத்த மீன் தொட்டி ஒன்று இருந்தால் அழகாக இருக்கும். ராஜன் அண்ணே, அதற்குள் முடியுமா?

மணி: அரோவானா வாங்கு லா

சின்னம்மா: சாப்பாட்டுக்கு யாரிடம் சொல்லியிருக்கிறாய் மா?

ராஜன் அண்ணன்: கவிதா, தொட்டி முடியும். மீன் முடியாது. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா வரும். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனைக் கொன்றுவிடும். இந்தப் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பஞ்சிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். புதுத் தொட்டியில் அன்றைக்கே மீனை விட்டு, மூன்றாம் நாள் அள்ளி எறிகிற கதை பல வீடுகளில் இதனால்தான். என் தொட்டியில் ஓடுகிற பழைய ஸ்பஞ்ச் ஒன்றைத் தருகிறேன், சீக்கிரம் ஆகும். ஆனாலும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் என்று சோதனையில் தெரிந்த பிறகுதான் மீன்.

மணி: அப்போ அரோவானா?

ராஜன் அண்ணன்: தொட்டி 2 அடி. அந்த மீனே 2 அடி வளரும் டா.

பெரியப்பா: தண்ணீர் வடகிழக்கு மூலையில் இருக்க வேண்டும். மறக்காதே.

கவிதா: பெரியப்பா, அங்கேதான் பெரிய ஜன்னல். காலை வெயில் நேராக விழும்.

ராஜன் அண்ணன்: வெயில் விழுந்தால் ஒரே பாசியாகிவிடும் பெரியப்பா. விளக்கு போட்டு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் கொடுத்தால் போதும்.

பெரியப்பா: திரை போடு.

அம்மா: மீன் இல்லாமல் தண்ணீர் நின்றால் கொசு முட்டை போடாதா? போன மாதம்தான் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் டெங்கி.

ராஜன் அண்ணன்: சரியான கேள்வி அத்தை. ஃபில்டர் இரவும் பகலும் ஓட வேண்டும். தண்ணீர் அசைந்துகொண்டே இருந்தால் கொசு முட்டையிடத் தயங்கும். மேலே வலை மூடியும் போடுவோம்.

சின்னம்மா: 👍 சாப்பாடு?

கவிதா: செடி என்ன வாங்குவது?

ராஜன் அண்ணன்: ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ். இரண்டையும் மணலில் புதைக்காதே, கிழங்கு அழுகிவிடும். மரக்கட்டையில் நூலால் கட்டு. மணலில் நட கிரிப்டோகோரைன். அது நம் காட்டு ஓடைகளிலேயே வளரும் செடி. நட்ட புதிதில் இலையெல்லாம் கரைந்துபோகும். செத்துவிட்டது என்று பிடுங்காதே, வேரிலிருந்து திரும்ப வரும். இவற்றுக்கு கார்பன் டைஆக்சைடு கேஸ் சிலிண்டர் வேண்டாம், நம் ஊருக்கு ஹீட்டரும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும் குளோரின் இருக்கும், அதனால் ஆன்டி-குளோரின் ஊற்றாமல் ஸ்பஞ்சைக் கழுவக்கூடாது.

ராஜன் அண்ணன்: மீன் விடும்போது ஹார்லெக்வின் ரஸ்போரா ஒரு கூட்டமாக விடலாம். அதுவும் நம் நாட்டு மீன்தான், 1904லேயே அறிவியல் பெயர் வைத்துவிட்டார்கள். கடையில் நியோன் டெட்ரா காட்டுவார்கள். அது தென் அமெரிக்க மீன், நம் சூட்டுக்கு அவ்வளவு ஏற்றதில்லை.

மணி: இவ்வளவு படிக்க யாருக்கு நேரம்

பெரியப்பா: ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தபோது பால்மரக் காட்டு ஓடையில் இந்த மீனை நிறைய பார்த்திருக்கிறேன். உடம்பில் முக்கோணமாகக் கறுப்பு. சரியா?

ராஜன் அண்ணன்: அதேதான் பெரியப்பா!!

பெரியப்பா: வேலையை மேற்பார்க்கும் மண்டோர் விசில் அடிக்கும்வரை அங்கேயே நிற்போம். கவிதா, உன் அப்பாவும்தான்.

அம்மா: அவர் இருந்திருந்தால் இந்தத் தொட்டியை அவரே தூக்கி வைத்திருப்பார்.

கவிதா: 🙏

ராஜன் அண்ணன்: எடை விஷயம் சொல்ல மறந்தேன். 60க்கு 30க்கு 36 சென்டிமீட்டர் என்றால் தண்ணீரே 65 கிலோ. மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் இன்னும் மேலே. டிவி வைக்கிற அட்டைப்பலகை மேஜை தாங்காது. பாட்டி வீட்டுப் பலகை மேஜை இருந்தால் நல்லது.

கவிதா: அது யார் வீட்டில் இருக்கிறது?

சின்னம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மணி: 👀

அம்மா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

பெரியப்பா: பேசித்தான் ஆக வேண்டும். எங்கள் அம்மா இறந்தபோது யாரையும் கேட்காமல் மேஜையை லோரியில் ஏற்றியது யார்?

சின்னம்மா: அண்ணே, மழையில் நனைந்து கிடந்ததைத்தான் எடுத்து வைத்தோம். இன்றைக்கும் எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன்.

கவிதா: சின்னம்மா, நான் கேட்டதே தப்பு. தொட்டி வைக்க இரும்புச் சட்டம் செய்துகொள்கிறேன்.

ராஜன் அண்ணன்: சனிக்கிழமை சிரம்பான் போகிறேன். செடி, மணல், ஃபில்டர் வாங்கி வருகிறேன். பால் காய்ச்சும் நாளில் செடியும் விளக்கும் மட்டும் இருக்கட்டும். மூலை எது என்று யாராவது சொல்லுங்கள்.

பெரியப்பா: வடகிழக்கு.

கவிதா: அண்ணே, ஜன்னலுக்கு எதிர்ச்சுவர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது 🙈

மணி: வெள்ளிக்கிழமை அத்தையை பஸ் ஸ்டாண்டில் ஏற்றிக்கொள்வது யார்?

சின்னம்மா: கவிதா, இரும்புச் சட்டத்துக்கு இப்போது சொல்லாதே. சித்தப்பா வேலை முடிந்து வரட்டும், கேட்டுச் சொல்கிறேன்.