நோய் பற்றிய செய்தி வேகமாகப் பரவினால் நோய் குறையுமா?

அரைகுறை_கணக்கு:
ஒரு சின்ன ப்ராஜெக்டுக்காக, நோய் எப்படிப் பரவும் என்று கணக்கிடும் எஸ்ஐஆர் மாதிரி எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நோய் வரக்கூடியவர்கள், தொற்றியவர்கள், மீண்டவர்கள் என்று மூன்று பெட்டி, அவ்வளவுதான். ஆர் நாட் 3 என்று வைத்திருக்கிறேன், அதாவது தொடக்கத்தில் ஒருவர் மூன்று பேருக்குக் கொடுப்பார். இதில் "செய்தி தெரிந்தவர்கள்" என்று ஒரு பெட்டியைச் சேர்த்து, அவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பைப் பாதியாக்கினேன். உச்சம் குறைகிறது, சரி. ஆனால் செய்தி பரவும் வேகத்தைப் பத்து மடங்கு கூட்டினாலும் நோய் நிற்கவே மாட்டேன் என்கிறது. கோடில் எங்காவது தப்பா, இல்லை நிஜத்திலும் இப்படித்தானா? செய்தி போய்ச் சேர்ந்தால் மக்கள் சுதாரித்துக்கொள்வார்கள் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

புள்ளியும்கோடும்:
கோடில் தப்பில்லை நண்பரே, உங்கள் எண்ணிலேயே பதில் இருக்கிறது. 3இல் பாதி 1.5. ஊரில் அத்தனை பேருக்கும் முதல் நாளே செய்தி தெரிந்திருந்தாலும் ஒருவர் ஒன்றரைப் பேருக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருப்பார். நிற்க வேண்டுமானால் அது 1க்குக் கீழே போக வேண்டும், அதாவது செய்தி கேட்டவர் தன் ஆபத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்துக்கொள்ள வேண்டும். செய்தியின் வேகத்தை எவ்வளவு முறுக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

இன்னொரு விஷயம். உங்கள் மாதிரியில் யாரும் யாரையும் சந்திக்கலாம், எல்லோரும் ஒரே அண்டாவில் கலந்தவர்கள். நோயைப் பார்த்துத்தான் செய்தியே பிறக்கிறது என்றால், முதல் நோயாளி வரும்போது யாருக்கும் எதுவும் தெரியாது, அதனால் நோய் எப்படியும் கிளம்பிவிடும். 2009இல் செபாஸ்டியன் ஃபங்க் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் இதைத்தான் ஆராய்ந்தார்கள்: கலந்த கூட்டத்தில் விழிப்புணர்வு பாதிப்பின் அளவைக் குறைக்கும், ஆனால் எந்த அளவைத் தாண்டினால் நோய் கிளம்பும் என்ற எல்லையை நகர்த்தாது. நோய் போகும் அதே உறவு வலையில் செய்தியும் போய், நோயாளிக்கு அருகில் இருப்பவர்களிடம் முதலில் சேர்ந்தால்தான் முழுக்க நிறுத்தும் வாய்ப்பு உண்டு, அதுவும் தொற்றும் வேகம் ஓர் அளவைத் தாண்டாதவரை. தொலைவில் இருக்கும் ஆயிரம் பேர் பதறுவதைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் நாலு பேர் கவனமாக இருப்பது மேல். பெட்டியை விட்டுவிட்டு, யார் யாரைச் சந்திப்பார் என்று கோடு போட்டுக் காட்டும் வலையமைப்பில் போட்டுப் பாருங்கள்.

பழைய_செவிலி:
கணக்கு எனக்குத் தெரியாது தம்பி, வார்டு தெரியும். "செய்தி தெரிந்தவர்" என்று எல்லோரையும் ஒரே பெட்டியில் போடுகிறீர்களே, என்ன செய்தி என்று கேட்க வேண்டாமா? 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வந்தபோது ஆரம்பத்தில் எங்கும் சொன்னது "இதற்கு மருந்து கிடையாது" என்று. உண்மைதான், அப்போது கிடையாது. ஆனால் கேட்டவர் என்ன நினைப்பார்? மருந்தே இல்லை என்றால் எதற்கு மருத்துவமனை, வீட்டிலேயே என் மக்களோடு கிடந்து போகிறேன் என்றுதானே? வீட்டில் பார்த்துக்கொண்டவர்களுக்கும், பிணத்தைக் குளிப்பாட்டியவர்களுக்கும் தொற்றியது. சீக்கிரம் வந்தால் பிழைக்க வாய்ப்பு கூடும் என்று பேச்சை மாற்றி, ஊர்த் தலைவர்களையும் இமாம்களையும் பாதிரியார்களையும் பேசவைத்து, மரியாதை குறையாமல் அடக்கம் செய்யவும் வழிசெய்த பிறகுதான் ஜனங்கள் ஒத்துழைத்தார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் ஒரு காய்ச்சல் சமயத்தில் மண்டையோடு போட்ட சுவரொட்டி ஒட்டினார்கள். அடுத்த வாரம் வெளிநோயாளிக் கூட்டம் குறைந்தது. மேலே இருந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம். காய்ச்சல் எங்கே குறைந்தது, காய்ச்சலை மறைப்பதுதான் கூடியது. முற்றிய பிறகு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

சும்மா_ஒரு_ஆள்:
செவிலியம்மா சொல்வதற்கு ஒரு படி மேலே போகிறேன், செய்தியே நோயைச் சுமந்து போன கதையும் உண்டு. 2020 மார்ச் 7 இரவு, இத்தாலியில், மிலான் இருக்கும் வடபகுதியான லொம்பார்தியைக் கொரோனாவுக்காக மூடப்போகும் ஆணையின் வரைவு முன்கூட்டியே கசிந்தது. மிலானிலிருந்து தெற்கே போகும் ரயிலைப் பிடிக்க ஜனம் ஓடியது. தகவல் பொய்யில்லை, வேகத்துக்கும் குறைவில்லை, விளைவுதான் தலைகீழ். அதே சமயம் ஈரானில் சாராயம் குடித்தால் கொரோனா போகும் என்ற வதந்தியை நம்பி மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். இதெல்லாம் உங்கள் மாதிரியில் எந்தப் பெட்டி?

புள்ளியும்கோடும்:
சரியான கேள்வி. ஆனால் இதைக் கேட்டுவிட்டு அடக்கி வாசிப்பதே நல்லது என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. 1918இல் போர்த் தணிக்கையால் பல நாட்டுப் பத்திரிகைகள் ஃப்ளூவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, போரில் சேராத ஸ்பெயின் மட்டும் எழுதியது, அதற்குப் பரிசாக நோய்க்கே அதன் பெயரை வைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் எச்சரிக்கையை மீறி செப்டம்பர் 28 அன்று போர் நிதிக்கான ஊர்வலம் நடத்தினார்கள், சில நாட்களில் மருத்துவமனைகள் நிரம்பின. மறைப்பதன் விலை இது.

அரைகுறை, உங்கள் மாதிரிக்கு இன்னும் ஒன்று: தாமதம். இன்று செய்தியில் வரும் எண்ணிக்கை பல நாட்களுக்கு முன் தொற்றியவர்களுடையது. மக்கள் பயப்படுவதும் தாமதம், பயம் தெளிவதும் தாமதம். எண்ணிக்கை இறங்கியதும் முகக்கவசத்தைக் கழற்றுவார்கள், மறுபடி ஏறும். இந்தத் தாமதத்தை மட்டும் சேர்த்தாலே ஒற்றை மேடாக இருந்த கோடு அலை அலையாக வரும்.

அரைகுறை_கணக்கு:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக உட்கார்ந்து வலையமைப்பில் போட்டேன். செய்தி அக்கம்பக்கத்துக்கு மட்டும் போகிறது, கைமாறக் கைமாற வலு குறைகிறது. தொற்று வாய்ப்பைப் பாதிக்குப் பதில் ஐந்தில் ஒன்றாக்கினேன். பல ஓட்டங்களில் நோய் சில வீடுகளோடு அணைந்துவிட்டது! அப்புறம் அறிகுறி வருவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்றும் என்று ஒரு வரி சேர்த்தேன், பழையபடி எல்லாம் பற்றிக்கொண்டது.

புள்ளியும்கோடும்:
ஆமாம், கோவிட்டுக்கு முன்பு வந்த அதே வகை மூச்சு நோயான சார்ஸுக்கும் கோவிட்டுக்கும் நடுவே இருந்த முக்கியமான வித்தியாசம் அந்த ஒரு வரிதான். சார்ஸில் ஆள் படுத்த பிறகுதான் அதிகம் தொற்றும், செய்திக்கு முந்திக்கொள்ள நேரம் இருந்தது. அதனால்தான் 2003 ஜூலைக்குள், சுமார் 8,000 பேரோடு அதை அடக்க முடிந்தது. கோவிட்டில் இருமல் வருமுன்பே வேலை முடிந்துவிடும். அடுத்து, நோயாளி சந்தித்தவர்களைத் தேடிப்போய்ச் சொல்வதைத் தனி வழியாகச் சேருங்கள், அக்கம்பக்கப் பேச்சைவிட அது எவ்வளவு முந்துகிறது என்று பார்க்கலாம்.

பழைய_செவிலி:
சேர்க்கும்போது, தேடிப்போனால் கதவைத் திறக்காதவர்களுக்கும் ஒரு பெட்டி போடுங்கள் தம்பி.