உப்புநீர்க் குளத்தைச் சுற்றிய கல் உதிர்கிறது, எதைப் போடலாம்?

வீட்டுப் பின்புற நீச்சல் குளத்தைச் சுற்றிப் போட்ட மணற்கல் ஏடு ஏடாக உதிர்கிறது. குளம் உப்புநீர் குளோரினேட்டர் (தண்ணீரில் கரைத்த உப்பிலிருந்தே குளோரின் உண்டாக்கும் கருவி) வகை; உப்பு லிட்டருக்கு 4 கிராம் அளவில் வைத்திருக்கிறோம். கல் போட்டு மூன்று வருடம் ஆகிறது, போன கோடையில்தான் உதிர ஆரம்பித்தது. ஏணிப் பக்கமும், பிள்ளைகள் குதித்துத் தண்ணீர் தெறிக்கும் பக்கமும்தான் ரொம்ப மோசம். சுவரோரம் காய்ந்தே கிடக்கும் கற்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லுக்குள் ஊறிய உப்பு, காயும்போது படிகமாகி மேல்தோலைத் தள்ளுகிறது என்றுதான் தோன்றுகிறது.

குளித்து முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினோம். உள்ளே ஊறும் சீலர் (கல்லில் நீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு) அடித்தோம், கொஞ்ச நாள் தாங்கியது. அப்புறம் மேலே படலமாக நிற்கும் சீலர். ஈரத்தில் வழுக்கியதுதான் மிச்சம். உதிர்ந்த கற்களை மட்டும் மாற்றினோம், புதியவற்றுக்கும் அதே கதி.

இனி மொத்தமாகப் பெயர்க்கப் போகிறோம். அடியில் கான்கிரீட் தளம் நன்றாக இருக்கிறது, வாட்டமும் குளத்துக்கு வெளிப்பக்கமாகத்தான். மர டெக் (பலகைத் தளம்) போடலாமென்றால் அடியில் காற்றோட்டம் வேண்டும், அதற்கு உயரம் இல்லை. மிஞ்சியவை இரண்டு: 20 மி.மீ. வெளிர் நிற போர்சலின் பேவர் (தடித்த தரை ஓடு; வெறுங்காலுக்கான வழுக்கல் சோதனையில் சி தரம், அதாவது மிகக் குறைவாக வழுக்கும் தரம்), அல்லது தீயில் வாட்டிய வெளிர் கிரானைட். போர்சலின் உப்பை உறிஞ்சாது. ஆனால் குளத்து விளிம்பில் முனை தெறிக்கும் என்கிறார் கொத்தனார்.

உப்புநீர்க் குளத்தோரம் இவற்றில் ஒன்றைப் போட்டுச் சில வருடம் புழங்கியவர்கள், கால் சூடு, வழுக்கல், விளிம்பு உடைவது மூன்றையும் பார்த்து எதைப் போடச் சொல்வீர்கள்?