ஐஸ்லாந்துக்காரர்கள் தங்கள் மொழியை ஏன் 'டேனிய மொழி' என்றார்கள்?

கேள்வி:
ஐஸ்லாந்தின் பழைய சட்டத் தொகுப்பான கிராகாஸை மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் தங்கள் பேச்சை 'டோன்ஸ்க் துங்கா', அதாவது டேனிய நாக்கு என்கிறார்கள். 870 வாக்கில் வந்து குடியேறியவர்களில் பெரும்பாலோர் நார்வேக்காரர்கள்தானே, டென்மார்க் எப்படி உள்ளே வந்தது? மொழிக்கே சொந்தப் பெயர் இல்லாதவர்கள் தங்களைத் தனி மக்களாக நினைத்தார்களா?

பதில் 1:
டென்மார்க், நார்வே, ஸ்வீடன் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்த பேச்சுக்கு அன்று அதுதான் பெயர். அதே கிராகாஸில் இன்னொரு விதி உண்டு: சிறு வயதில் அந்த மொழியைக் கற்காதவரைத் தீர்ப்புச் சொல்ல நியமிக்க வேண்டுமென்றால், அவர் ஐஸ்லாந்தில் மூன்று குளிர்காலமாவது இருந்திருக்க வேண்டும். நார்வேக்காரருக்கு இந்தத் தடை இல்லை. ஆக, மொழி அவர்களை நார்வேயிலிருந்து பிரிக்கவில்லை; பிரித்தது 930-இல் கூடிய ஆல்திங் சபையும், அரசனே இல்லாமல் தீவு முழுக்க நடந்த ஒரே சட்டமும்தான் என்பது என் எண்ணம்.

பதில் 2:
சட்டம் சரி, ஆனால் மொழியை அவ்வளவு லேசாக விடாதீர்கள். 12-ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய இலக்கண நூல் இருக்கிறது, 'ஐஸ்லாந்தவர்களான நமக்கு' எழுத்து அமைத்துத் தருகிறேன் என்றே தொடங்குகிறார். லத்தீனின் ஐந்து உயிரெழுத்து போதாது என்று இன்னும் நான்கைச் சேர்த்து, குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்ட ஜோடி ஜோடியாகச் சொற்களை அடுக்குகிறார். 'ஃபர்' என்றால் கப்பல், அதையே நீட்டி 'ஃபார்' என்றால் துன்பம். குறில் நெடிலோடு வளர்ந்த நமக்கு அந்தப் பக்கம் படித்தவுடன் புரியும்! மொழியின் பெயர் பொதுவாக இருக்கலாம், எழுத்து 'நமக்கு' என்று கேட்கிறாரே, அது எனக்குப் பெரிய விஷயம்.

பதில் 3:
பெண்களை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். மரபணு ஆய்வுகளின்படி முதல் குடியேறிகளில் பெண்கள் பாதிக்கு மேல் அயர்லாந்து, பிரிட்டன் பக்கத்தவர்கள். கியார்ட்டன், நியால், கோர்மாக் போன்ற ஐஸ்லாந்துப் பெயர்கள் அவர்களின் ஐரிஷ் மொழியிலிருந்து வந்தவை. லாக்ஸ்டைலா சாகா என்ற பழைய ஐஸ்லாந்துக் கதையில், அடிமையாக வாங்கப்பட்ட மெல்கோர்கா என்ற ஐரிஷ் அரசர் மகள் ஊமைபோலவே இருக்கிறாள். ஒருநாள் ஓடைக்கரையில் அவள் தன் இரண்டு வயது மகனிடம் பேசிக்கொண்டிருப்பது வாங்கியவன் காதில் விழுகிறது. இது கதைதான், ஆனாலும் அப்படி எத்தனை வீடுகளில் தாயின் மொழி அடங்கிப்போனதோ என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அந்தப் பையன் ஐரிஷ் கற்றானா?

பதில் 3:
கற்றான். பெயர் ஓலாஃப். வளர்ந்தபின் அயர்லாந்து போய்த் தாத்தாவான அரசர் முன் நிற்கிறான். சொந்தமோ இல்லையோ, இவன் பேசும் ஐரிஷ் மிக நன்றாக இருக்கிறது என்கிறார் அவர்.