புதுப்பிப்பு: த்ரூ-ஹல்களை மாற்றியாயிற்று, வெண்கலம்தான்

என் 30 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகில் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள நான்கு த்ரூ-ஹல்களுக்கும் (படகின் உடலைத் துளைத்துத் தண்ணீர் வர, போக வைக்கும் குழாய்ப் பொருத்திகள்) வெண்கலமா, மாரெலானா (கண்ணாடி இழை கலந்த நைலான் பிளாஸ்டிக்), ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. படகு இப்போது தண்ணீரில் நிற்கிறது.

பழையவற்றைக் கழற்றும்போதுதான் பயம் வந்தது. வெண்கலம் என்று நம்பியிருந்த ஒன்று வெறும் பித்தளை. ரெஞ்சை வைத்து லேசாகத் திருப்பியதும் கழுத்தோடு ஒடிந்தது. உள்ளே மஞ்சள் நிறமே இல்லை, செம்பு போல இளஞ்சிவப்பு. உப்புநீர் துத்தநாகத்தைத் தின்றுவிட்டு, நுண்துளை விழுந்த செம்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. இரண்டடி ஆழத்தில் ஒன்றரை அங்குலத் துளை திறந்தால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். அதை நினைத்தால் இன்னும் தூக்கம் பிடிப்பதில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை முதலிலேயே விட்டுவிட்டேன். ஆக்சிஜன் படாத இடுக்கில் கடலுக்கென்றே விற்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் கூட அரிக்கும். மாரெலான் அரிக்கவே அரிக்காது, நல்ல பொருள்தான். ஆனால் என் படகில் வால்வுகளுக்குப் பக்கத்தில் கனமான சாமான்கள் உருளும், இடித்தால் பிளாஸ்டிக் உடையுமோ என்று பயம், அதனால் வெண்கலம்.

அப்புறம் மரை விஷயம். த்ரூ-ஹல்லில் நேர்மரை, கடையில் வாங்கும் சாதாரண பந்து வால்வில் (ball valve) கூம்புமரை. இரண்டையும் சேர்த்தால் சில சுற்றுகள்தான் பிடிக்கும். நீங்கள் எச்சரித்ததால் நேர்மரை உள்ள, அகலமான அடித்தட்டு வைத்த சீகாக் (த்ரூ-ஹல்லைத் திறந்து மூடும் வால்வு) வாங்கி, ஜி10 (கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்த கெட்டித் தகடு) பலகைமேல் போல்ட் போட்டேன். அமெரிக்காவில் படகுகளுக்குத் தரவிதிகள் வகுக்கும் ஏபிஒய்சி அமைப்பின் எச்-27 தரப்படி சீகாக் 500 பவுண்டு பாரத்தை 30 வினாடி தாங்க வேண்டும்.

மூன்று நாளாகப் பில்ஜ் (கசியும் தண்ணீர் தேங்கும் படகின் உள்ளடி) காய்ந்தே இருக்கிறது. மாதம் ஒருமுறை எல்லாக் கைப்பிடிகளையும் திறந்து மூடப்போகிறேன்.